நாலாவது குரல்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ராஜாக்கள் சண்டை போட்டுக்கொண்டால் குடிமக்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட காலத்தில், பொன்னரளி நகரம் என்று ஒரு நகரம் இருந்தது. அதன் நடுவே வடக்கிலிருந்து தெற்குவரை ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு மேற்கே மூத்த ராஜா விக்கிரமகேது. சுவருக்குக் கிழக்கே இளைய ராஜா மணிகேது. இரண்டு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். அப்பா செத்த பதினாறாம் நாள், பட்டத்து யானைமேல் யார் ஏறுவது என்று ஆரம்பித்த சண்டை அது. கொஞ்ச நாளில் யானைக்கே அலுத்துப்போய் அது காட்டுக்குத் திரும்பிவிட்டது. சண்டைதான் போகவில்லை.

அப்போதுதான் சாம்பல்முடியன் என்ற மந்திரவாதி வந்தான். மூத்தவனிடம் போய், "உங்கள் குடிகள் தம்பி பக்கம் ஓடாமல் இருக்க ஒரு சுவர் எழுப்பித் தரட்டுமா?" என்று கேட்டான். "எழுப்பு" என்றான் மூத்தவன். இளையவனிடம் போய், "உங்கள் குடிகள் அண்ணன் பக்கம் ஓடாமல் இருக்க ஒரு சுவர் எழுப்பித் தரட்டுமா?" என்று கேட்டான். "எழுப்பு" என்றான் இளையவன். அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஒரே காலையில் சுவர் எழும்பிவிட்டது. சந்தையில் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டிருந்தவன் மேற்கே நின்றான். முந்தானையை விரித்து வாங்க நின்றவள் கிழக்கே நின்றாள். கத்தரிக்காய் யார் பக்கம் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

லேசுப்பட்ட சுவரில்லை அது. ஏணி வைத்தால் ஏணியைவிட ஒரு முழம் உயரும். கடப்பாரையால் ஒரு கல்லைப் பெயர்த்தால் அந்த இடத்தில் இரண்டு கல் முளைக்கும். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டால், கூப்பிட்ட சொல்லைச் சுவர் விழுங்கிவிடும். ஒரே ஒரு சொல்லை மட்டும் அது தாண்ட விடும். என்ன சொல் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

தினமும் விடிந்ததும் மேற்குப் பக்கத்தில் சேகண்டி அடிப்பார்கள். ஜனங்கள் எல்லோரும் சுவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். காவல் தலைவர், "சுவர் இருக்கிறதா?" என்று கேட்பார். "இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது" என்று ஜனங்கள் மூன்று தடவை பதில் சொல்ல வேண்டும். வராதவனுக்குக் கசையடி. வந்தும் வாயைத் திறக்காதவனுக்கு இரண்டு மடங்கு கசையடி. மேற்கே முடிந்ததும் கிழக்கே சேகண்டி அடிக்கும். அங்கேயும் அதே கேள்வி, அங்கேயும் அதே பதில். 'இருக்கிறது' என்ற அந்த ஒரு சொல்தான் சுவரைத் தாண்டிப் போகும், தாண்டி வரும்.

இப்படி ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, இருபத்திரண்டு வருஷம்.

மேற்குப் பக்கத்தில் நல்லக்காள் என்று ஒருத்தி இருந்தாள். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் அவள் வேலை. தாழை விழுதை நசுக்கிச் செய்த மட்டையும் ஒரு சுண்ணாம்புப் பானையுமாக வடகோடியில் ஆரம்பித்துத் தென்கோடிக்கு வருவதற்குள் வடகோடி கறுத்துப்போயிருக்கும். மறுபடி வடக்கே போவாள். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று வெந்துபோயிருந்தது. ஊரே வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த வேலையை அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காரணம் இருந்தது. சுவர் எழும்பியதற்கு முதல் நாள், அவளுடைய மூன்று வயது மகள் செவந்தியைக் கிழக்குத் தெருவிலிருந்த அவள் தங்கை, "தேர் பார்த்துட்டு ரெண்டு நாள்ல கொண்டாந்து விடுறேன்க்கா" என்று தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

முதல் வாரம் முழுக்க நல்லக்காள் சுவரில் வாயை வைத்துச் "செவந்தீ, செவந்தீ" என்று கத்திப் பார்த்தாள். சுவர் விழுங்கிக்கொண்டது. எட்டாம் நாள் அவளுக்கு ஒன்று தோன்றியது. ஊரார் மூன்று தடவை சொல்லி முடித்து வாயை மூடியதும், அவள் மட்டும் தனியாக, நாலாவது தடவை, "இருக்கிறது!" என்று கத்தினாள். கிழக்கே சேகண்டி அடித்தது. அங்கேயும் ஆயிரம் குரல் மூன்று தடவை சொல்லி ஓய்ந்தது. அப்புறம் மழலையாக, ஒற்றைக் குரலாக, நாலாவது 'இருக்கிறது' வந்தது. நல்லக்காள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் அவளுக்குச் சோறும் தண்ணீரும். அந்த நாலாவது குரல் மழலை தெளிந்து, கணீரென்று வளர்ந்து, பெரிய மனுஷியின் குரலாக ஆனதை அவள் காதாலேயே பார்த்தாள். ஒரு மாசம் அதற்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. அந்த மாசம் முழுக்க இவள் மிளகு ரசம் வைத்து வைத்து, குடிக்க ஆளில்லாமல் தானே குடித்தாள்.

ஊருக்கு இந்தக் கதை தெரியாது. கேட்டாலே மூன்று தடவைக்கு மேல் வாய் திறக்காத ஜனங்கள், கேட்காமலே நாலாவது தடவை கத்துகிறவளை என்னவென்று நினைப்பார்கள்? 'சுவர்க்காரி' என்று பெயர் வைத்தார்கள். அவள் குடத்தோடு வந்தால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும். காவல் தலைவர் தாண்டவராயர் மட்டும், "விசுவாசம் என்றால் இதுவல்லவா விசுவாசம்!" என்று சபையில் அவளுக்கு மாலை போட்டார். மாலையோடு வீட்டுக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். நல்லக்காள் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. விளக்குவதற்கும் தெம்பு வேண்டுமே.

இருபத்திரண்டாம் வருஷம் மூத்த ராஜா, கண்ணாடி முன்னால் மீசை முறுக்கிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்து செத்துப்போனார். அவர் மகனைப் பட்டத்துக்கு அழைத்து வருமுன், ஜனங்கள் அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கோஷமில்லை, கொடியில்லை. கத்திக் கத்தி அலுத்த ஜனங்கள் இல்லையா? சும்மா உட்கார்ந்தார்கள். ஏழு நாள் உட்கார்ந்தார்கள். விரட்டப் போன சிப்பாய்களுக்கும் கால் கடுத்தது, அவர்களும் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாம் நாள் இளவரசன் வெளியே வந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான்.

"கசை வேண்டாம்" என்றார்கள்.

கசை போயிற்று. அப்புறம் அரண்மனையில் ராஜாவுக்குப் பதிலாகப் பன்னிரண்டு தெருக்காரர்கள் சபை கூடியது. இந்தச் செய்தி காற்றுவாக்கில் எப்படிப் போயிற்றோ, அடுத்த மாசமே கிழக்கேயும் ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மணிகேது ராஜா மூன்று ஜாடி மாவடுவோடு படகேறி ஓடிப்போனார். அங்கேயும் கசை போயிற்று.

ஆனால் சுவர் போகவில்லை. புதுச் சபை கடப்பாரையோடு ஆள் அனுப்பியது. ஒரு கல்லுக்கு இரண்டு கல் முளைத்தது. சபை கூடிப் பேசியது, கலைந்தது, மறுபடி கூடிப் பேசியது. தாண்டவராயரோ, "என் வேலையை நிறுத்தச் சொல்லி யாரும் ஓலை அனுப்பவில்லையே" என்று தினமும் விடிந்ததும் வந்து சேகண்டி அடித்துக் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கசையில்லாத முதல் நாள் பாதி ஜனம் வரவில்லை. ஒரு வாரத்தில் நூறு பேர் வந்தார்கள். இன்னொரு வாரத்தில் பத்துப் பேர். அப்புறம் ஒரு நாள் பார்த்தால், சுவர் முன்னால் தாண்டவராயரும் நல்லக்காளும்தான் நின்றார்கள். "சுவர் இருக்கிறதா?" என்றார் அவர். "இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது" என்றாள். அப்புறம் நாலாவதையும் சொன்னாள். கிழக்கேயும் நாலு தடவையும் ஒரே குரல்தான் வந்தது. வேறு குரல் குறுக்கே வராததால் அன்று மகளின் குரல் மூச்சுவிடும் சத்தத்தோடு தெளிவாகக் கேட்டது. நல்லக்காளுக்கு இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமான காலை இருந்ததில்லை.

அன்று மத்தியானம் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தபோது, சுவர் வெடிப்பிலிருந்து ஒரு கிழட்டுப் பல்லி தலையை நீட்டியது.

"மெதுவா அடி தாயி. கண்ணுல தெறிக்குது" என்றது.

நல்லக்காள் பயப்படவில்லை. பயப்படவும் அவளுக்குத் தெம்பில்லை. "பல்லி பேசுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாங்க எப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்கதான் தெற்க சொல்லிச்சா, வடக்க சொல்லிச்சான்னு திசை பார்த்துப் பலன் தேடிக்கிட்டே சொன்னதைக் கேக்காமப் போயிடுறீங்க. பலன் பார்க்கக்கூட முடியாம களைச்சுப் போனவங்களுக்குத்தான் எங்க பேச்சு காதுல விழும். உனக்கு விழுது பாரு."

"சரி, சொல்லு."

"இந்தச் சுவரு கல்லுல நிக்கல, தாயி. சாம்பல்முடியன் மந்திரம் ஓதினப்போ நான் இந்த வெடிப்புலதான் இருந்தேன். கேக்குற கேள்விக்குப் பதில் வர்ற வரைக்கும் சுவரு நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே ஒரு காலை பதில் வரலேன்னா விழுந்துடும். ஆயிரம் பேரு அடிக்குப் பயந்து சொல்லிக்கிட்டிருந்தப்போ இதை யார்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? இப்ப ரெண்டே பேருதான் பாக்கி. மேக்க நீ. கெழக்க உன் மவ."

நல்லக்காளின் கையிலிருந்து மட்டை விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக எந்தச் சொல்லால் மகளைத் தொட்டுக்கொண்டிருந்தாளோ, அந்தச் சொல்லால்தான் அவளை அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள்.

"அவகிட்டப் போய்ச் சொல்லேன்! நீ ரெண்டு பக்கமும் போவியே!"

"சொல்லாமலா இருப்பேன்? அங்க கூட்டம் கொறைய ஆரம்பிச்சப்பவே மூணு தடவை போய்ச் சொன்னேன். முதல் தடவை, 'கெழக்க பல்லி சொல்லிருச்சு, நல்ல சேதி வரப்போவுது'ன்னா. ரெண்டாந்தடவை, 'உறவு வருது'ன்னா. மூணாந்தடவை சந்தோஷத்துல மறுநாள் இன்னும் சத்தமாக் கத்தினா. இளவயசு. இன்னும் நம்பிக்கை தீரல, அதான் கேக்கல." பல்லி வெடிப்புக்குள் போய்விட்டது.

முதல் நாள். சேகண்டி அடித்தது. "சுவர் இருக்கிறதா?" என்று தாண்டவராயர் கேட்டார். நல்லக்காள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தாண்டவராயர் திகைத்துப்போய் மறுபடி கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. கிழக்கே சேகண்டி அடித்தது. "இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது" என்று மகளின் குரல் வந்தது. அப்புறம் நாலாவது. கொஞ்ச நேரம் கழித்து ஐந்தாவது. அப்புறம் ஆறாவது, பயந்துபோன குரலில். ஏழாவது அழுகையில் வந்தது. அம்மா செத்துப்போனாள் என்று நினைத்துவிட்டாள் பெண்! நல்லக்காளால் முடியவில்லை. "இருக்கிறது!" என்று கத்திவிட்டாள். சுவர் ஒரு விரற்கடை உயர்ந்தது.

இரண்டாம் நாள். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். சேகண்டி அடித்தது. கேள்வி வந்தது, பதில் சொல்லவில்லை. கிழக்கே மகள் கத்தினாள், கத்தினாள், தொண்டை கம்மிப்போகும்வரை கத்தினாள். வெயில் ஏறிய பிறகும் அந்தக் கம்மல் குரல் நிற்கவில்லை. நல்லக்காள் முந்தானையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "இருக்கிறது, இருக்கிறது" என்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். சுவர் இன்னும் ஒரு விரற்கடை உயர்ந்தது.

அழுது முடித்து நிமிர்ந்தால், எதிரே சாம்பல்முடியன் நிற்கிறான். சாயம் போன பட்டு, கூன் விழுந்த முதுகு. ஆதரித்த ராஜாக்களில் ஒருவன் செத்து, ஒருவன் ஓடிப்போனால் மந்திரவாதிக்கும் கஷ்டம்தான். ஆனால் சிரிப்பு மட்டும் வாடவில்லை.

"எதுக்கம்மா வீண் பிடிவாதம்?" என்றான். "நீ பேசாமல் இருந்தால் அவள் அழுவாள். அவள் அழுதால் நீ பேசுவாய். உங்கள் இரண்டு பேர் பாசம் ஒன்று போதும், என் சுவர் நூறு வருஷம் நிற்கும். கசையால்கூட இவ்வளவு உறுதியாக நிறுத்த முடியவில்லை, தெரியுமா?"

நல்லக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நான் இறங்கி வருகிறேன். இன்னும் ஒரே ஒரு சொல்லைத் தாண்ட விடுகிறேன். என்ன சொல் தெரியுமா? தினமும் காலையில் உன் மகள் உன்னை 'அம்மா' என்று கூப்பிடட்டும். உன் காதில் விழும். நீ அந்த நாலு தடவையை மட்டும் நிறுத்திவிடாதே."

நல்லக்காளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அவளுக்குக் காய்ச்சல் வந்தா நான் போய் நெத்தியில கை வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"அது முடியாது."

"அவ சாப்பிட்டாளான்னு கேக்க முடியுமா?"

"அது வேறு சொல்லாயிற்றே."

"அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுய்யா. தெருவுல எதிரே வந்தாக்கூட ஒதுங்கி வழி விட்டுப் போயிடுவேன். உன் ஒத்தைச் சொல்லை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? போய்யா. எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

மூன்றாம் நாள். நல்லக்காள் நிற்கவில்லை. சுவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் துணி வைத்துக்கொள்ளவில்லை, உதட்டைக் கடித்துக்கொள்ளவில்லை. அழுகைகூட வரவில்லை. சாம்பல்முடியன் சுவர் உச்சியில் ஏறிச் சம்மணம் போட்டுக் காத்திருந்தான்.

சேகண்டி அடித்தது. "சுவர் இருக்கிறதா?" என்று கேட்ட தாண்டவராயரின் குரலே பாதியில் தேய்ந்துபோயிற்று. பதில் இல்லை. கிழக்கே சேகண்டி அடித்தது. நல்லக்காள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது கத்துவாள், இப்போது அழுவாள், இந்தத் தடவை நான் எப்படித் தாங்குவேன் என்று மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிழக்கேயும் பதில் இல்லை.

மாடத்துப் புறாக்கள்கூடச் சத்தம் போடவில்லை. இரண்டு பக்கத்திலும் யாரும் எதுவும் சொல்லாத அந்த ஒரு நிமிஷத்தில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கட்டிப்போன தொண்டையில், யாரும் கேட்காத ஒரு சொல் வந்தது.

"அம்மா?"

சுவர் அதை விழுங்கவில்லை. விழுங்க அதற்குத் திராணியில்லை. உச்சியிலிருந்து ஒரு கல் உருண்டது. அப்புறம் ஒரு வரிசை சரிந்தது. அப்புறம் வடகோடியிலிருந்து தென்கோடிவரை, ஒரு சத்தமும் இல்லாமல், நனைந்த மண்ணைப்போல அது கரைந்து உட்கார்ந்தது. உச்சியில் இருந்த சாம்பல்முடியன் "ஐயோ" என்று எழுந்தான், ஒரு தும்மல் தும்மினான், சுண்ணாம்புத் தூளாகப் பறந்துபோனான். கிழட்டுப் பல்லி தப்பித்து ஓடி, சமையல் நடக்கும் ஒரு வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டது.

தூசி அடங்கியது. எதிரே ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயசு. கறுத்து மெலிந்த முகம், கண்ணுக்குக் கீழே கருவளையம். நல்லக்காளுக்கு முகம் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. முதலில் வாயைத் திறந்தவள் மகள்தான். கோபமாகத்தான் கேட்டாள்.

"ரெண்டு நாளா ஏன் அப்படி உயிரை வாங்கினே?"

குரலைக் கேட்டதும் நல்லக்காளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாலாவது குரல்தான்.

"நாம சொன்னாத்தான் சுவரு நிக்குமாம்டி. மூணு நாளைக்கு முன்னவரைக்கும் எனக்குத் தெரியாது" என்றாள். "இன்னிக்கு நீ ஏன் சொல்லல?"

செவந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நேத்து அழுத குரல் இன்னிக்கு வரலேன்னதும் நீ போயிட்டேன்னு நெனச்சேன். நீ இல்லாதப்புறம் இருக்குதுன்னு சொல்ல என்ன இருக்கு? தொண்டையும் போயிடுச்சு. எனக்கும் முடியலம்மா."

"சித்தி?"

"நாலு வருஷம் ஆச்சு."

நல்லக்காள் தலையாட்டினாள். தங்கைக்காக அழ வேண்டும், மகளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். எல்லாம் செய்யத்தான் வேண்டும். அதற்குள் கண் சொருகியது. சுண்ணாம்பு தின்ற கையால் மகளின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அப்படியே அவள் மடியில் தலையை வைத்தாள், தூங்கிப்போனாள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. மேற்கேயிருந்து தவில், கிழக்கேயிருந்து நாகஸ்வரம், பன்னிரண்டு தெருக்காரர்கள், வேட்டு, குலவை என்று ஊரே திரண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி முன்னால் ஓடி வந்தாள். புதுச் சபைத் தலைவர் பட்டுச் சால்வையோடு வந்தார். தாண்டவராயர் சேகண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வந்தார்.

செவந்தி கையை உயர்த்தினாள். உரக்கப் பேசக் குரல் இல்லை. உதட்டில் விரலை வைத்து, மடியைக் காட்டினாள்.

தவில்காரர் கோலை இறக்கினார். நாகஸ்வரக்காரர் வாயிலிருந்து எடுத்துவிட்டார். வேட்டுக்காரன் திரியை மிதித்து அணைத்தான். இருபத்திரண்டு வருஷம் கத்தச் சொன்னதால் கத்திய ஊர், அன்றைக்கு ஒருத்தரும் சொல்லாமலே தன் இஷ்டத்துக்கு வாயை மூடிக்கொண்டது. மேற்குக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கே போனார்கள். கிழக்குக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கே வந்தார்கள். அண்ணனைத் தேடியவன் அண்ணனைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டான். சபைத் தலைவர் கொண்டுவந்த சால்வையைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கி, வெயில் படாமல் நல்லக்காளின் முகத்துக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதை அவ்வளவுதான். கேட்டவர்களெல்லாம் மெதுவாக எழுந்து, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போங்கள். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.